குளியலறை மடக்கு இருக்கைக்கு போல்ட் மட்டும் கிடைக்குமா?

காரைக்குடிவாசி: அப்பத்தா உட்கார்ந்து குளிக்கச் சுவரில் மாட்டிய மடக்கு இருக்கையில் கீல் போல்ட் துருவேறி ஒடிந்துவிட்டது, விற்ற கடையில் கேட்டால் உதிரி கிடையாது, முழு செட்டாக வாங்கு என்கிறார்கள். வேறு வழி உண்டா?

தேவகோட்டையான்: செட்டெல்லாம் வேண்டாம் அண்ணே. ஒடிந்த துண்டோடு போல்ட் நட்டு கடைக்குப் போங்கள், தடிமனும் மரையும் பார்த்துத் தருவார்கள். 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) கேளுங்கள், உப்புத் தண்ணீர் என்றால் 316 ரகம். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பி ஏமாறாதீர்கள், மட்டமான 202 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது.

கொத்தனார்மகன்: பழைய வீடா? சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால், இருக்கையைச் சுவரோடு பிடிக்க, துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை நம்பக்கூடாது, காரையோடு பெயர்ந்து வந்துவிடும். துளையில் பசை செலுத்திப் போல்ட்டை ஒட்டவைக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் சரி.

காரைக்குடிவாசி: பின்கட்டில் புதிதாகக் கட்டியது, சிமெண்ட் சுவர்தான். அதுவரை பிளாஸ்டிக் ஸ்டூல் போடலாமா?

தேவகோட்டையான்: காலில் ரப்பர் புஷ் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் வழுக்கும்.