முட்டை லோடு பிக்கப்: பின்பக்கப் பட்டையை மாற்றினால் குலுக்கல் குறையுமா?

கொல்லிமலை_ரூட்:

வணக்கம்ங்க. நாமக்கல்லில் முட்டை எடுத்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக மலை ஏறி செம்மேடு சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறேன், வாரம் மூன்று நடை. போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கினேன். 1.3 டன் தாங்கும் வண்டி, பின்னால் கூண்டு கட்டியிருக்கிறது. என் லோடு அதிகம் போனால் 240 அட்டை, 7,200 முட்டை, அட்டையோடு சேர்த்து 420 கிலோவுக்குள்தான் வரும். அதாவது வண்டியின் தெம்பில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

பிரச்சினை என்னவென்றால் பின்பக்கம் கட்டை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடுகிறது. ஒரு நடைக்கு 60, 70 முட்டை உடைகிறது, அதுவும் கடைசிக் கடைக்குப் போகும் அட்டையில்தான் ரொம்ப. அடுக்கியதில் தப்பா என்று பையனைத் திட்டிக்கூடப் பார்த்துவிட்டேன். திரும்பி வரும்போது வெறும் அட்டைதான், அப்போது இன்னும் மோசம். போன வாரம் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன், "இதுக்கு நான் மாட்டு வண்டியிலயே வந்திருப்பேன்" என்று இறங்கும்போது சொல்லிவிட்டார்.

பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் கமான் பட்டையில் (அடுக்கடுக்காக இருக்கும் இரும்பு வில்) ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாமா, இல்லை இரண்டு வரிசை சீட் உள்ள டபுள் கேப் வண்டிக்கு வருகிற மெதுவான செட்டையே வாங்கி மாட்டிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வாழைத்தார்:

கழற்றாதீங்க. நான் கழற்றினவன், அதனால் சொல்கிறேன்.

தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றுகிற வண்டி என்னுடையது. மழைக்காலத்தில் லோடு கம்மி, வெறும் வண்டியாகவே ஓடுகிறது என்று ஏழு பட்டையில் இரண்டை உருவிவிட்டேன். முதல் ஒரு மாசம் சொகுசுதான், பொய் சொல்ல மாட்டேன். தை மாசம் முகூர்த்த சீசன் வந்தது. ஒரு பார்ட்டி அவசரம் என்றார், ஒரு டன்னுக்கு மேல் ஏற்றினேன். வண்டி பின்னால் உட்கார்ந்துவிட்டது, அச்சு ரப்பர் கட்டையில் போய் 'டொம் டொம்' என்று அடிக்கிறது, டயர் உள்மட்கார்டில் உரசுகிறது. எப்படியோ ஓட்டிக்கொண்டு போனேன், முசிறி தாண்டும்போது மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டை கட். அச்சு ஒரு பக்கம் பின்னால் இழுத்துக்கொண்டு வண்டி நண்டு மாதிரி சாய்ந்து நடக்கிறது. நல்லவேளை நேர் ரோடு, வேகமும் இல்லை. இதே உங்கள் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் நடந்திருந்தால் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பட்டை மெதுவானால் வளைவில் வண்டி படுக்கும். உங்கள் கூண்டு உயரம் வேறு.

சங்ககிரி_பட்டறை:

தம்பி, முதலில் வண்டியின் கீழே தலையை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எத்தனை பட்டை இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி கனம், அடியில் நேராக ஒரு கனமான பட்டை தனியாக நிற்கிறதா, இதெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம். 22 வருடமாக கமான் பட்டை வேலைதான் பார்க்கிறேன். 'வண்டி தூக்கிப் போடுது, பட்டை மாத்தணும்' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பட்டையில் கோளாறே இருக்காது.

அடியில் நிற்கும் அந்த நேர் பட்டை ஹெல்பர். வெறும் வண்டியில் மேலே இருக்கும் பட்டைக் கட்டின் நுனி அதைத் தொடவே தொடாது, லோடு ஏறி கட்டு அமுங்கினால்தான் வேலைக்கு வரும். நிறைய பேர் அதைக் கழற்றிவிட்டு 'மெதுவாயிடுச்சு' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், தொடாத பட்டையைக் கழற்றினால் எப்படி மெதுவாகும்? மனசுக்குத்தான்.

அப்புறம் டபுள் கேப் செட். இசுசு வி-கிராஸ் மாதிரி வண்டிகளின் செட் பழையதாகக் கிடைக்கிறது, மாட்டித் தாங்க என்று கேட்டு வருகிறார்கள். பட்டை அகலம், கண்ணுக்குக் கண் (போல்ட் போகச் சுருட்டிய நுனி) நீளம், நடு போல்ட்டிலிருந்து முன் கண் எவ்வளவு தூரம், கண்ணில் இருக்கும் புஷ் அளவு, இந்த நாலும் ஒத்துவந்தால் மட்டும் பேசலாம். நடு போல்ட் பெரும்பாலும் சரி நடுவில் இருக்காது, முன் பாதி குட்டையாக இருக்கும். அந்த அளவு மாறினால் அச்சு முன்னேயோ பின்னேயோ நகர்ந்து அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் அடி வாங்கும்.

கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். டெம்பர், அதாவது இரும்பின் உறுதி, போன பட்டை ஆறு மாசம் கூட நிற்காது.

கணக்குப்பிள்ளை:

சென்னையில் வண்டி டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். 'கடைசிக் கடைக்குத்தான் உடைசல் அதிகம்' என்று எழுதியிருக்கிறீர்களே, பையனைத் திட்டியது பாவம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. கடைக்குக் கடை முட்டை இறங்க இறங்க வண்டி வெறும் வண்டியாகிறது, பட்டையோ 1.3 டன்னுக்கு அடித்தது, எடை குறையக் குறைய குலுக்கல் வேகமாகும்.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். பின் அச்சின் பட்டைகள் மேல் வெறும் வண்டியில் 450 கிலோ உட்காருகிறது, 100 கிலோ வைத்தால் 1 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 4.5 செ.மீ. அமுங்கி நிற்கிறது, மேடு பள்ளத்தில் வினாடிக்கு 2.3 தடவை ஆடும். 420 கிலோ முட்டை ஏறினால் 1.7 தடவை. கார்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை வரைக்கும் இருக்கும், அதுதான் உடம்புக்கு இதம். இப்போது ஐந்து பட்டையில் ஒன்றைக் கழற்றினால் வெறும் வண்டி 2.3-லிருந்து 2.1-க்குத்தான் வரும். அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மிச்சம் இருக்கும் நாலு பட்டையில் ஒவ்வொன்றும் முன்பை விட 25 சதவீதம் கூடுதலாகச் சுமக்கும். வாழைத்தார் அண்ணனுக்கு ஏழில் இரண்டு போனதால் 40 சதவீதம், கட் ஆகாமல் என்ன செய்யும்.

பாதியாகவே மெதுவாக்கினால்? வெறும் வண்டி 1.7-க்கு வரும், சொகுசுதான். என்றைக்காவது ஒரு டன் ஏற்றினால் 20 செ.மீ. இறங்கும், அவ்வளவு இடம் கீழே கிடையாது.

அதனால் முதலில் காற்று. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், பின் டயருக்கு வெறும் வண்டி, முழு லோடு என்று இரண்டு அளவு தனித்தனியாகப் போட்டிருந்தால் பாருங்கள். நம் ஊரில் எல்லோரும் லோடு அளவையே வருஷம் முழுக்க அடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். அடுத்தது ஷாக் அப்சார்பர். வேகத்தடை தாண்டின பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடிக்கொண்டே போனால் அது போய்விட்டது. ஆடாமல் ஒரே அடியாக 'டக்' என்று அடித்தால் பட்டைகள் துருவில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கின்றன.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவில் ஒரு கம்பி, அதோடு ஒரு பிரேக் வால்வு இருக்கும். சேஸி தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று நினைத்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். பட்டையை மாற்றி உயரம் மாறினால் இந்த வால்வையும் செட் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வண்டியில், மழையில், பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும்.

கிளிநொச்சி_கெப்:

எங்கட பக்கமும் இதே கதைதான். கெப் வாகனத்தில, உங்கட பிக்கப்தான், தனிய ஓடினா முதுகு போயிடும். நான் பட்டையில கை வைக்கேல்லை. பின்பெட்டியில, அச்சுக்கு நேர் மேல, மண் மூட்டை இரண்டு கட்டி வச்சிருக்கிறன், நூறு கிலோ வரும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனா றோட்டில நிக்கிற நிலை நல்லா மாறிச்சு. மூட்டையை இறுக்கிக் கட்டுங்கோ, சும்மா வச்சா பிரேக் அடிக்கேக்க முன்னுக்கு வந்து முட்டையில விழும்.

கொல்லிமலை_ரூட்:

எல்லோருக்கும் நன்றி. காற்று பார்த்தேன், 65 இருந்தது. ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கு 40 என்று போட்டிருக்கிறது. சிரிக்காதீங்க.

கீழே படுத்துப் பட்டையும் எண்ணினேன். ஒரு பக்கம் ஹெல்பர் சேர்க்காமல் ஆறு. பக்கத்துத் தெருவில் இதே மாடல் வண்டி இருக்கிறது, அதில் ஐந்துதான். என் வண்டியில் மேலிருந்து மூன்றாவது மட்டும் வேற நிறம், பெயிண்ட் இல்லை, கனமும் ஜாஸ்தி. மற்றது 8 மில்லி, இது 10. நீளம் ரெண்டாம் பட்டைக்குக் கிட்டத்தட்ட வருகிறது. முதல் ஓனருக்குப் போன் போட்டேன். செங்கல் ஏற்றினேன், எக்ஸ்ட்ரா ஒரு பட்டை போட்டிருந்தேன், உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:

அப்படிப் போடுங்கள். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 8-க்கு 10 என்றால் கேட்க இரண்டு மில்லிதான், விறைப்பில் ஒன்று இரண்டு பட்டைக்குச் சமம். நீளமும் ஒத்துப்போவதால் நீங்கள் ஓட்டுவது கிட்டத்தட்ட ஏழு பட்டை வண்டி. நிறுவனம் கொடுத்ததை விட 40 சதவீதம் விறைப்பு, போதாததற்கு 65 காற்று. முட்டை உடையாமல் வந்ததே அதிசயம்.

பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் நான் சொன்ன வால்வு லோடு இருக்கும்போது கூட 'இது வெறும் வண்டி' என்று நினைத்துக்கொண்டிருக்கும். இறக்கத்தில் பின் பிரேக் குறைவாகவே பிடித்திருக்கும். மலையிலிருந்து இறங்குகிற வண்டிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

சட்டப்படி பார்த்தாலும் இதுதான் நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் போய் நிற்க வேண்டிய வண்டி. உங்கள் விஷயத்தில் மெதுவாக்குவதும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் ஒன்றாகவே அமைந்துவிட்டது, அதிர்ஷ்டக்காரர்.

சங்ககிரி_பட்டறை:

நான் சொன்னேனே தம்பி. அந்தப் பட்டையை மட்டும் உருவிவிட்டு அப்படியே மாட்டிவிடாதீங்க. பட்டைக் கட்டு முழுசையும் பிரித்து ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ்ஷில் தேய்க்கச் சொல்லுங்கள். நடு போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மெயின் பட்டை அங்கேதான் முதலில் கட் ஆகும். நுனியில் நைலான் துண்டு இருந்தால் புதுசு போடுங்கள். கிராஃபைட் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும், அப்பினால் மண் ஒட்டும்.

கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் கண்டிப்பாகப் புதுசு. பழசு ஒரு தடவை இழுபட்டது, திரும்ப முறுக்கினால் பிடி நிற்காது. கட்டின் கனம் 10 மில்லி குறைவதால் பழைய நீளத்துக்கு மரை கீழே வரை இருக்காது, அதையும் கவனிங்க. நடு போல்ட்டும் நீளம் குறைந்தது வேண்டும். கண் போல்ட்டையும் ஷாக்கிள் (பட்டையின் பின் நுனியைச் சேஸியில் தொங்கவிடும் துண்டு) போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கு, இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 500 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். இரண்டு பக்கமும் செய்யணும் என்று சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஒரு பக்கம் மட்டும் செய்துகொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வாழைத்தார்:

அண்ணே, உருவின என் ரெண்டு பட்டைக்குப் பதிலாக மெயின் பட்டையோடு புதுசு போட்டாச்சு. நீங்கள் சொல்கிற யூ போல்ட் மட்டும் பழசுதான். நாளைக்கே மாற்றுகிறேன்.

கொல்லிமலை_ரூட்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்தது. பிரித்துப் பார்த்தால் பட்டைக்கு நடுவில் செங்கல் தூளும் துருவும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி கெட்டியாகியிருந்தது. இடது ஷாக்கிள் அசையவே இல்லை, புஷ் அடித்து எடுக்கவே ஒரு மணி நேரம். மெயின் பட்டையில் விரிசல் இல்லை. எக்ஸ்ட்ரா பட்டை இரண்டும் வெளியே, யூ போல்ட், நடு போல்ட், புஷ், நைலான் எல்லாம் புதுசு. ஷாக் அப்சார்பரில் ஒன்று எண்ணெய் கசிந்தது, ஜோடியாக மாற்றிவிட்டேன். பின்பக்கம் 3 செ.மீ. தாழ்ந்திருக்கிறது, வால்வையும் செட் பண்ணியாயிற்று. இறக்கத்தில் பிரேக் இப்போது நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் எப்படி இறங்கினேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

காற்று ஏறும்போது 50, வெறும் வண்டிக்கு 40. போன நடையில் உடைசல் 14. கார் மாதிரி ஆகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வெறும் வண்டியில் இன்னும் கொஞ்சம் துள்ளுகிறது, மண் மூட்டை ஐடியாவை அடுத்த வாரம் பார்க்க வேண்டும். அம்மா ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு "பரவால்ல" என்றார், அவர் வாயில் அது பெரிய சர்டிபிகேட். பையனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

கழற்றிய 10 மில்லி பட்டையைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. ஊரில் கொல்லரிடம் கொடுத்திருக்கிறேன், இரண்டு அரிவாள் வரும் என்கிறார்.