ஸ்டாக்ஹோமில் பழைய கம்பளிக் கோட்டு எங்கே வாங்கலாம்?

ஸ்டாக்ஹோம்வாசிகள் உதவுங்கள். செப்டம்பர் கடைசி வாரம் அங்கே இருப்போம். தேடுவது 1970களின் கனத்த கம்பளிக் கோட்டு, ஆண்களுக்கானது, ஸ்வீடன் அளவில் சி 50.

மிரோர்னா, ஸ்டாட்ஸ்மிஷோனென் போன்ற தொண்டு நிறுவனக் கடைகளில் விலை குறைவு. ஆனால் நேற்றைய மலிவுத் துணிகளுக்கு நடுவே தோண்ட வேண்டும். பியாண்ட் ரெட்ரோவில் பழசை மட்டும் பிரித்து மாட்டியிருப்பார்கள், விலையும் அதற்கேற்ப. கோட்டுக்கென்றே போகத்தக்க சிறு கடை சோடர்மால்ம் பகுதியில் உண்டா?

பணம்தான் பெரிய சிக்கல். ஹோர்ன்ஸ்டுல் வார இறுதிச் சந்தையில் பலரும் ஸ்விஷ் என்ற மொபைல் செயலி வழியே பணம் கேட்பார்கள். அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும். கார்டு, ரொக்கம் எடுபடுமா? (யாராவது பழைய குரோனா நோட்டு தந்தால் வாங்காதீர்கள், 2017க்குள் எல்லாம் செல்லாமல் போய்விட்டன.)

அடுத்தது அந்துப்பூச்சி. காலரின் அடிப்பக்கம், அக்குள், பாக்கெட் ஓரம் எல்லாம் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் ஓட்டை தெரியும், முட்டை தெரியாது. மூடிய பையில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். விடுதியில் அதற்கு வழியில்லை. இரண்டே நாளில் டிரைகிளீன் செய்து தரும் கடை தெரிந்தால் பேட்டையும் தோராயக் கட்டணமும் சொல்லுங்கள்.