போலீஸைக் கூப்பிடுவோம் என்கிறார்கள், என்ன செய்வது?

சுங்கை சிப்புட் (மலேசியா) அம்மா: மகனுக்கு 8 வயது, ஆட்டிசம். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிடுவான், இழுத்தால் கடிப்பான். இனி இப்படிச் செய்தால் போலீஸ்தான் என்று நேற்று ஆசிரியர் சொல்லிவிட்டார். தூக்கமே இல்லை.

பதில் 1: அக்கா, விடாதீர்கள். அமெரிக்காவில் கென்டக்கி பள்ளியில் 2014இல் இதேபோல 8 வயதுப் பையன் ஒருவனுக்கு, மணிக்கட்டில் நிற்காது என்று முழங்கைக்கு மேலே, முதுகுப் பக்கமாகப் போலீஸ்காரர் விலங்கு போட்டார். வலிக்கிறது என்று அழுவான், அந்தக் காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அளவுமீறிய பலப்பிரயோகம் என்று 2017இல் நீதிமன்றமே சொன்னது.

பதில் 2: ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தாச்சா? நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் நம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. அப்புறம், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்: இழுக்காதீர்கள், விளக்கை அணையுங்கள், எனக்கு போன் செய்யுங்கள். நான் அப்படிக் கொடுத்தபின், என் மகள் அமைதியாக உட்கார வகுப்பு மூலையில் இப்போது ஒரு பாய் கிடக்கிறது.

சுங்கை சிப்புட் அம்மா: சரி, இன்றே எழுதுகிறேன். நன்றி.