மூன்று வரிக்கு ஒரு நாள்: பலன் தெரியாத எழுத்தை இதே கவனத்தோடு தொடரலாமா?

கேள்வி:
ஆறு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். ஒரு கதைக்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கின்றன. அண்மையில் எழுதிய கதையில், தறியில் பழைய பாவோடு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகளோடு, புதுப் பாவைப் பிணைக்கும் காட்சி ஒன்று வருகிறது. அதற்காக ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்று, அவர் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்ப்பதைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கதையில் அது மூன்றே வரிதான். ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. சன்மானம் இல்லை, இரண்டு பிரதிகள் அனுப்பினார்கள், வாசகர் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. வாரம் ஒரு கதை எழுதும் என் நண்பருக்கோ வாசகர் கூட்டமே இருக்கிறது. நான் இப்படியே தொடர்வது சரியா, அல்லது வெறும் பிடிவாதமா?

மறுமொழி 1:
சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். புதுக்கவிதையும் இலக்கிய விமர்சனமும் தமிழில் காலூன்ற அந்த இதழ் பெரிதும் காரணமாக இருந்தது. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றார். விடுதலைப் போராட்டத்தைப் பற்றிய அவருடைய பெரிய நாவலான ‘சுதந்திர தாகம்’ வாழ்வின் கடைசி ஆண்டுகளில்தான் அச்சேறியது. அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்த 2001-இல் அவர் உயிரோடு இல்லை, 1998-இலேயே மறைந்துவிட்டார்.

மறுமொழி 2:
மேலே சொல்லியிருப்பது உண்மைதான் என்றாலும், அதை ஒருவருக்கு வழியாகக் காட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தச் சுமையில் பாதி வீட்டார் தலையில் அல்லவா இறங்குகிறது? நான் உ.வே. சாமிநாதையரைச் சொல்வேன். 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தவர், 1887-இல்தான் அதைப் பதிப்பித்தார். சமணக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தார். நீங்கள் ஆரணிக்குப் போனதும் அந்த வகைதான். ஆனால், அந்த ஏழு ஆண்டுகளும் அவருக்குக் கல்லூரிச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அச்சுச் செலவுக்காக, பணம் தருவதாகக் கையொப்பமிடுவோரைத் தேடி அலையவும் அவர் கூசவில்லை. ஆகவே சோற்றுக்கு வேறு வேலை இருக்கட்டும்; கதைக்கு வேண்டிய மாதங்களைக் கதைக்குக் கொடுங்கள். சன்மானம் தர வசதியுள்ள இதழாக இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு, அதற்குப் ‘பலன் கருதாத எழுத்து’ என்று பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

மறுமொழி 3:
வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை அந்த நெசவாளருக்குக் கொடுத்தீர்களா?

கேட்டவர்:
கொடுக்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது வெட்கமாகிவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமையே ஆரணிக்குப் போய்க் கொடுத்து வந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். பாவு பிணைக்கும் மூன்று வரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறோர் இடத்தில், இழை அறுந்த சத்தம் கேட்டு அவன் திரும்பினான் என்று எழுதியிருந்தேன். “தறிச் சத்தத்தில் இழை அறுவது காதில் எங்கே விழும்? கண்ணுக்குத்தான் தெரியும்” என்றார். தொகுப்பில் சேர்ப்பதற்காக அந்தப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்; இதுவரை நான்கு முறை எழுதியும் சரியாக அமையவில்லை.