எடை குறைஞ்ச பிறகு ஓட்டத்துல வேகம் கூடுறது: பார்த்ததை எழுதுங்க

மெரினா_அஞ்சு_மணி
நேப்பியர் பாலம் டூ கலங்கரை விளக்கம் ஓடுற ஒருத்தர். 92 கிலோவுல இருந்து 78. அஞ்சு கிலோமீட்டர் 41 நிமிஷத்துல இருந்து 34க்கு வந்தாச்சு. அப்புறம் ரெண்டு மாசமா ஒரு செகண்ட்கூட நகரலை. போன வாரம் கலங்கரை விளக்கத்துக்கிட்ட முட்டியில கைய ஊன்றி நிக்கிறார், பேர் கேட்டா சொல்ல மூச்சு இல்லை. "இன்னிக்கு ஈஸி ரன் சார்"ங்கிறார்!

முதல்ல வந்த வேகம் எடை கொடுத்த இனாம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூக்கிட்டு ஓட சுமார் ஒரு கலோரி. 14 கிலோ இறங்கினா அஞ்சு கிலோமீட்டருக்கு 70 கலோரி மிச்சம். எடை நின்னதும் இனாமும் நின்னுடும். அவர் தினமும் ஓடுறது ஒரே 6:50 பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 50 செகண்ட்). ஈஸின்னு சொல்ல முடியாத வேகம், பயிற்சின்னு சொல்லவும் பத்தாது. வாரம் நாலு நாள்னா மூணு நாள் 7:50-8:20, முழு வாக்கியம் பேசிக்கிட்டே ஓடணும். ஒரு நாள் மட்டும் 10 நிமிஷம் வார்ம்-அப், 400 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொண்ணும் 2:30 நிமிஷத்துல, நடுவுல 2 நிமிஷம் நடை.

பெசன்ட்நகர்_மெதுவா
நேரா 400க்கு அனுப்பாதீங்க அண்ணே. எலியட்ஸ் பீச்ல ஒரு அம்மா, 16 கிலோ குறைச்சவங்க, இதே 400 மீட்டர் ஆரம்பிச்சு மூணாவது வாரம். முழங்காலுக்குக் கீழ, காலோட முன்பக்க எலும்புல ஒரு விரலை வச்சு "இங்கதான், இந்த ஒரு புள்ளி"ன்னு காட்டினாங்க. அந்த விரல்தான் இன்னும் கண்ணுல நிக்குது.

உள்ளங்கை நீளத்துக்கு வலி பரவியிருந்தா பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட் (அந்த எலும்பு ஓரத்துல ஓட்டத்தால வர்ற வலி). ஒரு விரல் நுனி அளவு இடத்துல வலி, ஒத்தைக் கால்ல குதிச்சா சுரீர்னா எலும்புல கீறலான்னு சந்தேகப்படணும். ஓட்டத்தை அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போறது சகஜம், அதை நம்பி மறுபடி ஓடிடாதீங்க, எம்ஆர்ஐதான் காட்டும். மூச்சு சில வாரத்துல பழகிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாசக்கணக்காகும். உடம்பு லேசாயிட்டதால அந்த இடைவெளி தெரியறதில்லை.

முதல் 6 வாரம் ஸ்ட்ரைட்ஸ் போதும். ஈஸி ரன் முடிச்சிட்டு 20 செகண்ட் வேகம், மூச்சு அடங்கற வரை நடை. நாலுல ஆரம்பிச்சு ஆறு. வாரம் ரெண்டு நாள். முழு ஸ்ப்ரின்ட் வேண்டாம்.

இன்னொண்ணு, அந்த அம்மா அப்பவும் 1,200 கலோரி டயட்லதான் இருந்தாங்க. எடை குறைப்பும் வேகப் பயிற்சியும் ஒரே மாசத்துல வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போனா "ஓடறதால அப்படித்தான்"னு விட்டுடாதீங்க, சாப்பாடு பத்தலைங்கிற எச்சரிக்கையா இருக்கலாம்.

கருப்பு_நகம்
எடை குறைஞ்சா சிலருக்குக் காலும் சுருங்கும். பழைய ஷூல இறக்கத்துல கால் முன்னாடி சறுக்கி கட்டைவிரல் நகம் கறுத்த ஒருத்தரைப் பார்த்தேன். மேல இருக்கிற கடைசி ஓட்டையில லேஸை வளையமாக்கி குறுக்கே கோர்த்து இறுக்கினா குதிகால் நிக்கும். நிக்கலைன்னா அரை சைஸ் சின்னது.

வேளச்சேரி_வியர்வை
ஜனவரி மாரத்தான் சமயத்து டைமை மே மாசத்தோட ஒப்பிட்டு அழுத தம்பிக்காக இது. சென்னைக் காற்றுல ஈரம் கூடினா வியர்வை காயாது, சொட்டும். காஞ்சாத்தான் குளிர்ச்சி. ரத்தம் தோலுக்கும் போகணும், தொடைக்கும் போகணும், அதனால அதே பேஸுக்கு இதயத் துடிப்பு ஏறும். கிலோமீட்டருக்கு 20-30 செகண்ட் மெதுவானாலும் அது வீழ்ச்சி இல்லை. வாட்ச்ல பழைய எடையே இருந்தா கலோரியைக் கூட்டிக் காட்டும், மாத்துங்க. அதிகபட்ச இதயத் துடிப்புக்கு 220ல வயசைக் கழிக்கிற கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னெண்டு துடிப்பு தப்பும், பேசிக்கிட்டே ஓட முடியுதான்னு பார்க்கிற சோதனையே மேல்.

பெசன்ட்நகர் சொன்ன சாப்பாட்டு விஷயம் பாதிதான். கலோரி ஏத்தினா மட்டும் போதாது. ஒரு நாளைக்கு, உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம்னா 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டைல 6 கிராம்தான். நாலு இட்லி, தண்ணி சாம்பார்னு போனா பாதிகூடத் தேறாது. சுண்டல், பனீர், மீன், கோழின்னு மூணு வேளையும் பிரிச்சு வைங்க. சோர்வு விடலைன்னா ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் (உடம்புல இருக்கிற இரும்புச்சத்துக் கையிருப்பு) பார்க்கச் சொல்லுங்க, ரெண்டாவதை யாரும் கேக்கறதே இல்லை. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, இரும்புச்சத்து உடம்புல சேர்றது குறையும். (யாரும் கேக்கலைதான், தெரியும்.)

மெரினா_அஞ்சு_மணி
ஸ்ட்ரைட்ஸ் முதல்லங்கிறது சரி, ஒத்துக்கறேன். ஆனா ஏழு மாசம் வலியில்லாம ஓடினவருக்கு அது ரெண்டு வாரம் போதும். 400க்கு டிராக் இல்லைன்னா வாட்ச் காட்டுற தூரத்தை நம்பாதீங்க, அந்தச் சின்ன தூரத்துல ஜிபிஎஸ் பத்து மீட்டர் இப்படி அப்படி போகும். 2:30 நிமிஷத்தை மட்டும் வச்சு ஓடிட்டு, எத்தனை விளக்குக் கம்பம் தாண்டினீங்கன்னு எண்ணிக்கோங்க. ஆறாவது தடவையும் அதே எண்ணிக்கை வரணும். குறைஞ்சுட்டா முதல் ரெண்டும் அவசரப்பட்டு ஓடினது.