இந்த வாரம் எந்தப் படத்துக்கு ஈப்போ போவது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

செம்பனைக்காரர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். வரும் வியாழக்கிழமை மூன்று தமிழ்ப் படங்கள் ஒன்றாக வெளிவருகின்றன. ஒன்று பெரிய நடிகரின் அடிதடிப் படம், இன்னொன்று பேய்ப்படம், மூன்றாவது நம் மலேசிய இளைஞர்கள் எடுத்த சிறிய படம். எங்கள் வீட்டில் படம் பார்ப்பது என்றால் ஈப்போவுக்குப் போவது என்றுதான் பொருள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய், ஐந்து பேருக்கு நுழைவுச்சீட்டு எடுத்து, சோளப்பொரி வாங்கி, திரும்பும் வழியில் சாப்பிட்டு வீடு சேர்வதற்குள் 150 மலேசிய வெள்ளி கரைந்துவிடுகிறது. ஆகவே மாதத்துக்கு ஒரு படம் என்று வைத்திருக்கிறோம். அந்த ஒன்று எது என்பதைத் தீர்மானிப்பதில்தான் ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுகிறேன்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சிறு வயதில் எங்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். வண்டியில் எந்தப் படப்பெட்டி வந்து இறங்கியதோ அதுதான் படம். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் பாய் விரித்து, எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தாலும் கவலைப்படாமல், கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். மறுநாள் விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டுமே என்ற எண்ணம்கூட இடைவேளைக்குப் பிறகுதான் வரும்.

இப்போது தேர்வு செய்வதற்கு அளவுக்கு மீறிய வழிகள் இருக்கின்றன. சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வலையொளியில் வானளாவப் புகழ்ந்த படத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போனேன். முதல் அரை மணி நேரத்திலேயே என் தாயார் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். இளைய மகன் கழிவறைக்கு மூன்று முறை போய் வந்தான். படம் மோசமானதன்று, எங்களுக்கானதாக இல்லை. இந்த வாரம் அதே தவறைச் செய்ய விரும்பவில்லை. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், எங்கே ஏமாந்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, கோலகங்சார்

தம்பி, விமர்சனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விளம்பரத்தின் மூலையில் இருக்கும் வயது வகைப்பாட்டைப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ‘யூ’ என்றால் எல்லாரும் பார்க்கலாம்; ‘பி12’ என்றால் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவர் துணை வேண்டும்; அதற்கு மேல் 13, 16, 18 என்று போகிறது. சென்ற ஆண்டு நான் இதைப் பார்க்காமல், பெரிய நடிகரின் படம் என்ற ஒரே காரணத்துக்காக, கைப்பேசியிலேயே ஆறு சீட்டுகளை வாங்கிவிட்டேன். திரையரங்கின் பெயர் வேண்டாம். வாசலில் நின்ற இளைஞர் மிகவும் பணிவாக, “பாட்டி, இது 18 வகைப் படம், இந்தத் தம்பியை உள்ளே விட முடியாது” என்றார். என் பேரனுக்கு 14 வயது. அடையாள அட்டையைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கிப் போனதை இன்னும் மறக்க முடியவில்லை. சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. மற்ற நால்வரையும் உள்ளே அனுப்பிவிட்டு, நானும் அவனும் மூன்று மணி நேரம் பேரங்காடியில் சுற்றினோம். ஒரு வகையில் அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவன் தன் பள்ளிக்கூடத்துச் சங்கதிகளையெல்லாம் என்னிடம் வாய்விட்டுப் பேசினான் என்பது வேறு கதை.

பேய்ப்படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் தாயார் உடன் வருகிறார் என்றால் அதை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் திரையரங்குகளில் தமிழ்ப் படங்களுக்குக் கீழே மலாய் மொழிபெயர்ப்பு ஓடுகிறது அல்லவா? மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த என் மருமகள் அதைப் படித்துத்தான் பாதி வசனத்தைப் புரிந்துகொள்கிறாள். வசன நகைச்சுவையை நம்பி எடுத்த படங்களில் நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவள் எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அதனால் அவளும் வரும் நாளில் வாய்ப்பேச்சு குறைந்த, காட்சியால் நகரும் கதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம்.

லாரி ஓட்டுநர், தைப்பிங்

சென்னை விமர்சனத்தை நம்பி இங்கே படம் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2016இல் ‘கபாலி’ வந்தபோது, நம் ஊர்க் கதை, மலேசியாவிலேயே எடுத்த படம் என்று முதல் நாளே பார்த்தேன். முடிவில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்தில் போட்டார்கள். அன்றிரவு சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் அழைத்து, கடைசித் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசினார். எந்தச் சத்தம் என்று கேட்டேன். அரை மணி நேரம் வாதாடிய பிறகே, நாங்கள் இருவரும் வெவ்வேறு முடிவுகளைப் பார்த்திருக்கிறோம் என்று புரிந்தது. அதிலிருந்து, அதே திரையரங்கில் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) போடும் இரண்டு வரியைத்தான் நம்புகிறேன்.

நூலகப் பணியாளர், ஈப்போ

ஐயா, மூன்றாவது படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். 2015 டிசம்பரில் சஞ்செய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வெளியான வாரத்தில், அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, நண்பர்களுடன் வேறொரு பெரிய படத்துக்குப் போனேன். அந்தப் பெரிய படத்தின் கதை இப்போது எனக்கு நினைவில்லை. பிறகு தனியாகப் போய் ‘ஜகாட்’ பார்த்தபோது அரங்கில் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பம், அங்கே வளரும் ஒரு சிறுவன். கெட்டது என்று பொருள்படும் ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல்லை நம் ஆட்கள் சொல்லும் விதமே தலைப்பு. என் அப்பாவின் வாழ்க்கையை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எடுத்ததைப் போல இருந்தது. அவரை அழைத்துவர வேண்டும் என்று முடிவு செய்து, விடுமுறை கிடைத்துத் திரும்பிப் போனபோது அந்த அரங்கில் படத்தை எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றபோது அப்பா செய்தித்தாளைக் காட்டி, “இதுதானே நீ சொன்ன படம்?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

பெரிய நடிகரின் படம் எங்கும் போய்விடாது. மூன்றாவது வாரத்திலும் ஏதாவது ஓர் அரங்கில் இருக்கும், பிறகு தொலைக்காட்சிக்கும் வரும். உள்ளூர்ப் படத்துக்கு முதல் வாரக் கூட்டம்தான் உயிர். ஆள் வரவில்லை என்றால் காட்சி நேரத்தைப் பிற்பகல் ஒரு மணிக்கோ நள்ளிரவுக்கோ தள்ளுவார்கள். அந்த நேரத்தில் தோட்டத்து ஊர்களிலிருந்து யார் வருவார்கள்? உள்ளூர்ப் படம் என்பதற்காகவே அதைப் பாராட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் ஒலிப்பதிவு காதைக் கிழிக்கும்; சிலர் கோடம்பாக்கத்துத் தமிழைப் பேச முயன்று நம்மைச் சங்கடப்படுத்துவார்கள். ஆனால் பார்த்த பிறகு திட்டுவதற்காவது முதல் வாரத்திலேயே போக வேண்டியிருக்கிறது.

செம்பனைக்காரர், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை அக்கா சொன்னபடி வகைப்பாட்டைப் பார்த்தேன். அடிதடிப் படம் 16. என் இளைய மகனுக்கு 13 வயது என்பதால் அந்த வாதம் வீட்டில் அத்தோடு முடிந்தது. அவன் இரண்டு மணி நேரம் பேசவில்லை, பிறகு சாப்பிட வந்தான். பேய்ப்படம் வேண்டாம் என்று தாயாரே சொல்லிவிட்டார். உள்ளூர்ப் படம் ‘பி12’. முன்னோட்டத்தைக் கைப்பேசியில் காட்டியபோது அவர் கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் தெரிந்த லயத்து வீட்டின் படிக்கட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இது எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை 11 மணிக் காட்சிக்கு ஆறு சீட்டுகள் எடுத்திருக்கிறேன். நாங்கள் ஐந்து பேர். தைப்பிங் அண்ணன் அன்று லாரி எடுக்கவில்லை என்றால் ஆறாவது இடம் அவருக்கு. படம் முடிந்து வெளியே வந்தவுடன் புலனத்தில் அந்த இரண்டு வரியை அவரே போடட்டும்.