வீட்டைக் காலி பண்ண ஆறு வாரம் இருக்கு, அதுக்குள்ள தினமும் வியூவிங்கா?

செங்காங்_மீனா:
சிங்கப்பூர்ல நாலறை வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டுல வாடகைக்கு இருக்கோம். அடுத்து வாடகைக்கு வர வீடு பாக்க, போன ஞாயிறு மட்டும் ஏழு குடும்பம் வந்துச்சு. அடுப்புல சாம்பார் கொதிக்குது, புள்ள அப்பதான் கண்ணசந்தான். வந்த அம்மா ஒருத்தங்க என் அலமாரியைத் திறந்து பாக்குறாங்க! ஏஜென்ட் வீடியோ பிடிச்சாரு. மறுநாள் விளம்பரத்துல மாமியார் காயப்போட்ட சேலையும் சேர்ந்து வந்திருக்கு.

பழைய_ஓனர்:
கோவம் புரியுதும்மா. ஆனா அக்ரிமெண்ட்டை எடுத்துப் பாருங்க. கடைசி ரெண்டு மாசம், முன்கூட்டியே சொல்லிட்டு, நியாயமான நேரத்துல ஆள் கூட்டிட்டு வரலாம்னு பெரும்பாலும் இருக்கும். வீடு ஒரு மாசம் சும்மா கிடந்தா 3,000 வெள்ளி போச்சு. கன்சர்வன்சி (பராமரிப்புக் கட்டணம்), பேங்க் லோன் நிக்குமா? ஓனர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரியே வருஷ வாடகை மதிப்புல 12 விழுக்காட்டுலதான் ஆரம்பிக்குது.

செங்காங்_மீனா:
11 மணிக்கு மெசேஜ், 11:20க்குக் கதவைத் தட்டுறாங்க. இதுக்குப் பேரு முன்கூட்டியேவா சார்?

பழைய_ஓனர்:
அது ஏஜென்ட் பண்ற தப்பு. அதுக்காக ஓனரைத் திட்டாதீங்க.

தெக்கா_ரூம்காரன்:
ஏஜென்ட்டை வச்சது யாரு அண்ணே? நான் ஒரு வீட்டுல காமன் ரூம்ல (தனி பாத்ரூம் இல்லாத அறை) வாடகைக்கு இருந்தப்ப, வேலைக்குப் போன நேரமாப் பாத்து ஓனரே திறந்து காட்டிட்டாரு. ராத்திரி வந்து பாத்தா என் தலகாணி மேல யாரோட குடையோ கிடக்கு.

முன்னாள்_ஏஜென்ட்:
நான் இந்தத் தொழில்ல இருந்தவன். மீனா, முடியாதுன்னு சொல்லாதீங்க, நேரத்தை நீங்க சொல்லுங்க. சனிக்கிழமை 2 முதல் 4, வியாழன் ராத்திரி 8 முதல் 9. அதுக்குள்ள எத்தனை பேரு வேணா வரட்டும். வீடியோ வேணாம்னு எழுத்துல போடுங்க.

செங்காங்_மீனா:
நேரம் கேட்டா டெபாசிட்ல கழிப்பேங்கிறாரே ஓனர்?

முன்னாள்_ஏஜென்ட்:
வாயால மிரட்டுறதுதான். ரெண்டு வருஷத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ்ல (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்) 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் கிடையாது. மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க.

பழைய_ஓனர்:
ஒரேயடியா கதவைப் பூட்டிக்கிட்டா ஓனரும் அங்கதான் வந்து நிப்பாரு, அதையும் சொல்லுங்க தம்பி.

செங்காங்_மீனா:
சனி, வியாழன்னு அனுப்பிட்டேன். நீல டிக் விழுந்து மூணு மணி நேரம் ஆச்சு, பதிலைக் காணோம்.